பின்னாலிருந்து கூப்பிட்ட குரல்

வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் எங்கள் ஊர் பெரிய மார்க்கெட்டுக்குள் நடப்பதுபோல இருக்கும் ஒரு படத்துக்கு நான் ஒலி அமைத்துக்கொண்டிருந்தேன். மீன்காரம்மா கூவுவது வலதுபக்கம், தேங்காய் மூட்டை இறங்குவது இடதுபக்கம், தலைக்கு மேலே தகரத்தில் காக்கா. பார்க்கிறவர் எப்படித் தலையைத் திருப்பினாலும் சத்தங்கள் அதனதன் இடத்திலேயே நிற்க வேண்டும். அதுதான் என் வேலை.

படத்தில் ஓரிடத்தில், ஆள் தானாகத் திரும்பினால்தான் பின்னாலிருக்கும் பூக்கடை வரிசை கண்ணில் படும். 'திரும்பவும்' என்று எழுத்தெல்லாம் போடக்கூடாது என்றார் இயக்குநர். அதனால் இடது தோளுக்குப் பின்னால் ஒரு பெண்குரலை வைத்தேன். நடிக்க ஆள் கிடைக்கும்வரை இருக்கட்டுமென்று நானே பேசிப் பதிவு செய்தேன்: "ஏங்க, இங்க பாருங்க."

சோதனையெல்லாம் நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான். முதலில் மாமியார். குரல் வந்ததும் சட்டென்று திரும்பி, "யாரும்மா அது, காதுகிட்ட வந்து கூப்பிடறா?" என்றார். பக்கத்து வீட்டு அக்காவும் திரும்பினார். இயக்குநரும் திரும்பினார்.

என் கணவர் திரும்பவில்லை.

காக்காவுக்கு அண்ணாந்து பார்த்தார். மூட்டை இறங்கிய சத்தத்துக்குக் காலை இழுத்துக்கொண்டார். என் குரலுக்கு மட்டும் அசையவில்லை. கோரிமேட்டில் மருந்துக்கடை வைத்திருப்பவர். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து யாராவது முனகினால்கூட மாத்திரைப் பெயர் அவர் காதில் விழும். அப்படியானால் கோளாறு என் ஒலியில்தான். மறுநாள் முழுக்க உட்கார்ந்து குரலைக் கிட்டே கொண்டுவந்தேன், எதிரொலியைக் குறைத்தேன். மறுபடியும் அவருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். பூக்கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிம்மதியாகக் கத்திரிக்காய் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியைக் கழற்றிக் கேட்டேன். "பின்னால ஒரு குரல் கேட்டுச்சா இல்லையா?"

"நல்லாவே கேட்டுச்சே. நீதானே?"

"எந்தப் பக்கம்?"

"இடது தோளுக்குப் பின்னால."

"அப்புறம் ஏன் திரும்பல?"

"எப்பவும் ரெண்டு தடவை கூப்பிடுவியே. ரெண்டாவது வரட்டும்னு நின்னேன்."

மாமியார் சிரித்த சிரிப்பில், சத்தம் அளவு மீறிவிட்டதென்று என் மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. "அவங்கப்பாவும் இப்படித்தான்" என்றார்.

கோபப்படலாமென்று வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. அன்றைக்கே ரெண்டாவது குரலையும் பதிவு செய்தேன்: "கூப்பிடறது காதுல விழுதா, இல்லையா?" அதற்கு நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. கூப்பிட்டவள் நெருங்கி வந்துவிட்டதுபோல அதைக் கொஞ்சம் கிட்டே வைத்தேன். கேட்டுப் பார்த்த இயக்குநர், நடிகை தேடுவதையே விட்டுவிட்டார்.

படத்தைப் பொதுமக்களுக்குக் காட்டிய அன்று நானும் என் கணவரும் ஓரமாக நின்றிருந்தோம். அரியாங்குப்பத்திலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். அந்த அம்மா முதல் குரலுக்கே திரும்பிவிட்டார். அடுத்து அவர் கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் குரலுக்கு ஆடவில்லை, அசையவில்லை. ரெண்டாவது குரல் வந்ததும், "இதோ வந்துட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திரும்பினார். அந்த அம்மா இடுப்பில் கைவைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கணவரோ வரிசையில் நின்றவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்த ரெண்டாவது குரல் என்னோட யோசனைங்க."