ஜாடிக்குள் போன சீட்டு

காயாரோகணம் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் அட்டெண்டர். நாகப்பட்டினக் கடற்கரையில் மீன் வலையோடு வளர்ந்தவர். எந்தப் பிராணியையும் கெடாதபடி பக்குவமாக ஃபார்மலினில் போட்டு, பெயர், ஊர், பிடித்தவர் எல்லாம் ஒரு சீட்டில் குண்டு குண்டாக எழுதி ஜாடிக்குள் விடுவார். அவர் கையெழுத்தைப் பார்த்துப் பேராசிரியர்களே பொறாமைப்படுவார்கள், அவ்வளவு அழகு. அந்த அழகுதான் வந்து காலை வாரியது, வேறென்ன சொல்ல!

அறுபத்தேழில் ஆட்சி மாறிய மறு வருஷம். துறையில் ஆண்டுக்கொரு முறை அறிவியல் மன்றக் கூட்டம் நடக்கும். வெளியூர்ப் பேராசிரியர்களெல்லாம் ஆளுக்கொரு விசித்திரப் பிராணி கொண்டுவருவார்கள். நாலு கால் கோழிக்குஞ்சு, ஒற்றைக்கண் ஆட்டுக்குட்டி என்று மேஜை நிறைந்திருக்கும். நம் கல்லூரிக்கு மட்டும் அந்த வருஷம் ஒன்றும் கிடைக்கவில்லை. பேராசிரியர் இளையபெருமாளுக்கு முகமே செத்துப்போயிருந்தது.

அப்போதுதான் நீடாமங்கலம் பக்கத்திலிருந்து, துறைக்கு அவ்வப்போது பிராணி கொண்டுவந்து தரும் ராமாயி ஒரு மண்கலயத்தோடு வந்தாள். உள்ளே விரல் நீளத் தண்ணிப்பாம்பு. வாலும் தலைபோல் இருக்கிற மண்ணுளிப் பாம்பைக் காட்டிச் சொல்கிற கதை இல்லை, நிஜமாகவே ரெண்டு தலை!

"எங்க வயல் மடையில புடிச்சேண்ணே. நாங்க குத்தகைக்கு உழுவுற வயலு. அப்படியே எழுதிடுங்க, எனக்குப் படிக்கத் தெரியாது."

"எழுதிடறேன் ராமாயி, நீ போ."

எழுதினார். ஆனால் எதை? வயலில் கிடைத்த பிராணிக்கு, பிடித்தவர் என்ற இடத்தில் நிலக்காரர் பெயரைப் போடுவது அந்தத் துறையின் வழக்கம். நிலக்காரர் மனம் குளிர்ந்தால்தான் மறுபடி வயலில் இறங்க விடுவார். போதாக்குறைக்கு, அந்த வயலுக்குச் சொந்தக்காரரான பண்ணையார் இராஜாங்கம்தான் கூட்டத்துக்குச் சிறப்பு விருந்தினர். கை தன்பாட்டுக்கு எழுதியது: 'இராஜாங்கம் அவர்கள் சொந்தச் சாகுபடி வயல். பிடித்தவர்: மேற்படியார்.' கூட்டத்தில் ஒரே கைதட்டல்.

ரெண்டு வருஷம் போயிற்று. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது. ராமாயியும் மனு கொடுத்தாள். அவளுடையது வாய்வார்த்தைக் குத்தகை, கையில் துண்டுக் காகிதம் கிடையாது. சாட்சி சொல்லவும் பண்ணைக்குப் பயந்து எவனும் வரவில்லை. அவளுக்கு ஜாடி ஞாபகம் வந்தது. "காலேஜுல எழுதி வச்சிருக்காங்கய்யா, வரவழைச்சுப் பாருங்க" என்று அதிகாரியிடம் அவளே கேட்டாள்.

உத்தரவு வந்த அன்றே காயாரோகணம் ஜாடியை எடுத்துப் பார்த்தார். சீட்டை ஒரு முறை படித்து, மறுபடி அலமாரியிலேயே வைத்தார். விசாரணைக்கு ஒரு வாரம் இருந்தது. நீடாமங்கலத்துக்கு ஒரு நடை போய், 'அம்மா, அந்த ஜாடியைக் கேட்காதே' என்று சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். வெட்கம் பிடித்த மனுஷன், போகவே இல்லை.

விசாரணையில் அதிகாரி சீட்டைச் சத்தமாகப் படித்தார். பண்ணையார் தரப்பில் சிரித்தார்கள்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க. ஆனா தப்பா எழுதிட்டேங்க. புடிச்சது ராமாயிதாங்க, உழுவுறதும் இவங்கதாங்க."

"ரெண்டு வருஷம் கழிச்சு வந்து தப்புன்னா எப்படி? அன்னிக்கே எழுதினது இருக்கே!"

மனு தள்ளுபடி ஆயிற்று. ராமாயி அழவில்லை. ஜாடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த காயாரோகணத்திடம் கேட்டாள்: "அன்னிக்கு நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சாண்ணே?"

"விழுந்துச்சும்மா" என்றார்.

"அது போதும், நான் சொன்னதுக்கு நீங்க ஒருத்தராவது சாட்சி" என்று சொல்லிவிட்டு, இனி அவள் குத்தகையில் இல்லாத அதே வயலில் நாற்றுப் பறிக்கக் கூலிக்குப் போனாள்.