ஏழாம் குடுவை

அடைக்கலமேரிக்கு வீடு ராயபுரத்தில், வேலை திருவொற்றியூரில். ரணஜன்னி என்கிற டெட்டனஸுக்குத் தடுப்பு மருந்து செய்யும் சிறிய கூடம் ஒன்றில் குடுவை கழுவினாள், சோதனை எலிகளைப் பார்த்துக்கொண்டாள். அவள் கணவன் பாஸ்கல் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். காலில் துரு ஆணி ஏறி, எட்டாம் நாள் தாடை இறுகிச் செத்தான். அதே நோயின் கிருமியைத்தான் இங்கே குடுவையில் வளர்த்து நஞ்சு எடுக்கிறார்கள் என்று தெரிந்தேதான் வேலைக்குச் சேர்ந்தாள்.

1953இல் ஒரு திங்கட்கிழமை காலை, ஏழாம் குடுவை அவள் கையிலேயே உடைந்தது. உள்ளங்கை கிழிந்து, நஞ்சும் ரத்தமும் ஒன்றாக வழிந்தன. கூடத்தை நடத்திய டாக்டர் லோகநாதன் காயத்தைக் கழுவிக் கட்டினார். குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த, நஞ்சை முறிக்கும் சீரத்தை வழக்கமான அளவில் ஊசியில் ஏற்றினார்.

மேரி கையை இழுத்துக்கொண்டாள்.

“இது பத்தாது சார். சனிக்கிழமை எல்லாக் குடுவை நஞ்சுலயும் இந்தச் சீரத்தக் கலந்துதான் எலிக்குப் போட்டீங்க. மத்ததெல்லாம் நல்லாக்கீது. ஏழாம் நம்பர் எலி நாலும் காலைல வெறச்சுக் கெடக்குது.”

கூண்டு மாறியிருக்கும் என்றார் அவர். மாறவில்லை, அந்தக் குடுவையில் வேறு மாதிரி வாடையும் அடித்தது என்றாள் அவள். அவர் உடைந்த கண்ணாடியில் ஒட்டியிருந்த சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. ரணஜன்னிக் கிருமியோடு இன்னொரு கிருமியும் புகுந்து வளர்ந்திருந்தது. ரணஜன்னிக் கிருமிக்குக் காற்று ஆகாது. புதிதாகப் புகுந்தது காற்றைத் தின்றுவிட, ரணஜன்னிக் கிருமி செழித்து நஞ்சைக் கூடுதலாகச் சுரந்திருக்கும் என்பது அவர் ஊகம். எத்தனை மடங்கு என்று அவருக்கே தெரியவில்லை.

பத்து மடங்கு சீரம் போடலாம். ஆனால் அத்தனை சீரமே ஆளைக் கொன்றுவிடக்கூடும் என்று மறைக்காமல் சொன்னார்.

“போடுங்க சார். எங்கூட்டுக்காரரு செத்தத பக்கத்துல ஒக்காந்து பாத்தவ நானு.”

கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு மணி நேரம் போட்டார். நடுவில் அவளுக்கு மூச்சு இரைத்தது. நிறுத்தி, தணிந்ததும் மறுபடி போட்டார். அதற்குப் பிறகு தினமும் காலையில் அவளை வாய் திறக்கச் சொன்னார். ஒன்பதாம் நாள், சீரம் ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்து அரித்தது, மூட்டுகள் வீங்கின. தாடை இறுகவில்லை.

பின்னர் அவர் இரு கிருமிகளையும் தனித்தனியாகவும் சேர்த்தும் வளர்த்துப் பார்த்தார். சேர்ந்து வளர்ந்த குடுவையில் நஞ்சு ஆறு மடங்கு. அந்தச் சோதனைக்கு எலிக் கூண்டுகளில் சீட்டு ஒட்டியவள் மேரிதான். கிழிந்த கையின் சுண்டுவிரல் மட்டும் அவளுக்குக் கடைசிவரை மடங்கவில்லை.