கிளட்ச் இல்லாத வண்டி

அக்காவுக்கு இடது கால் பலமில்லாதது. மூன்று வயதில் வந்த போலியோ. அந்தக் காலை வைத்துக்கொண்டே மருத்துவம் படித்து, திருப்பதிக்கு வெளியே சந்திரகிரி சாலையில் இருந்த ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டராகவும் சேர்ந்துவிட்டாள். கார் ஓட்ட ஆசைப்பட்டபோது மட்டும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: கிளட்சை எந்தக் காலால் மிதிப்பாய்?

பதில் அந்த ஆஸ்பத்திரி ஷெட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. சொந்த நாட்டுக்குத் திரும்பிப்போன அமெரிக்க டாக்டரம்மா விட்டுச்சென்ற கார். பின்கதவைத் திறந்தால் ஸ்ட்ரெச்சர் உள்ளே போகும். மைல் மீட்டர் ஒரு முழுச் சுற்று முடித்து மறுபடி பூஜ்யத்திலிருந்து கிளம்பியிருந்தது. ஆனால் கிளட்ச் கிடையாது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் கைப்பிடியை ‘டி’ என்ற எழுத்துக்குத் தள்ளிவிட்டு மிதித்தால் போதும், கியர் தானாக மாறிக்கொள்ளும். பழைய டிரைவர் ஓய்வுபெற்றதும் அக்கா மைதானத்தில் ஓட்டிப் பழகி, லைசென்சும் வாங்கிவிட்டாள். புதன்கிழமைதோறும் பாகராபேட்டை கணவாய்க்கு அப்பால் ஒரு கிராமத்தில் கிளினிக். யாரையும் கெஞ்சாமல் தானே போய், தானே வருவாள். அவள் முகத்தைப் புதன்கிழமை சாயங்காலம் பார்க்க வேண்டும்!

எழுபதுகளின் கடைசி அது. நான் சித்தூரில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்து, வேலைக்கு மனு போட்டுப் போட்டு அலுத்து, அக்காவின் குவார்ட்டர்ஸில் வந்து உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. சமதரையில் ஒழுங்காகப் போகும். கணவாயில் பாதி ஏறியதும் இன்ஜின் மட்டும் அலறும், சக்கரம் நகராது. இரண்டு புதன்கிழமைகள் அக்கா பாதி வழியில் திரும்பி வந்தாள்.

ஆஸ்பத்திரி பொருளாளர் ஐயா திருப்பதியிலிருந்து ஒரு லாரி மேஸ்திரியைக் கூட்டிவந்தார். மேஸ்திரி வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“இது ஆட்டோமேட்டிக்கு ஐயா. இதுக்கு சாமான் எவன் வச்சிக்கினு இருக்கான் இங்க? கழட்டிக் கடாசிட்டு வேன் கியர் பாக்ஸு ஒண்ணு ஏத்திடலாம், கிளட்ச்சோட.”

“கிளட்ச் வச்சா நான் எப்டி ஓட்றது மேஸ்திரி?” என்றாள் அக்கா.

“டிரைவர் வச்சுக்குங்கம்மா! டாக்டரம்மாவுக்கு இன்னாத்துக்கு இந்தக் கஷ்டம்?”

அவர் நிஜமான அக்கறையோடுதான் சொன்னார். அதுதான் இன்னும் சுருக்கென்று தைத்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“எண்ணெய மாத்திப் பாக்கலாமே?”

மேஸ்திரி சிரித்தார். “தம்பி, இத்தினி மைலு ஓடின வண்டிக்கு கியர் எண்ணெ மாத்தவே கூடாது. அந்தப் பழைய அழுக்குதான் உள்ள எல்லாத்தையும் புடிச்சிக்கினு இருக்குது. அத எறக்கினா அதோட அய்போயிந்தி, தீந்துச்சு கதை!”

பொருளாளர் ஐயா நியாயஸ்தர். “அடுத்த புதன்கிழமை கணவாய் ஏறினா ஏறட்டும். இல்லாட்டி வியாழக்கிழமை மேஸ்திரி வேலைய ஆரம்பிக்கட்டும்” என்று முடித்துவிட்டார்.

வண்டியோடு வந்த புத்தகத்தைக் கரையான் தின்றிருந்தது. திருப்பதியில் ஒரு நண்பன் மூலமாக இன்ஜினியரிங் நூலகத்தில் புகுந்து ஒரு நாள் முழுக்கப் படித்தேன். விஷயம் அழகாக இருந்தது. ஒரு விசிறியை ஓடவிட்டு, எதிரே இன்னொரு விசிறியை வைத்தால், முதலாவதன் காற்றில் இரண்டாவது சுற்றும் அல்லவா? இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். இன்ஜினையும் சக்கரத்தையும் சேர்ப்பதே அந்த எண்ணெய்தான். எங்கள் வண்டியின் கியர் பெட்டிக்குள் அளவுகோல் கம்பியை விட்டு எடுத்தால் நுனியில் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில், கருகிய வாசனையோடு வந்தது. புத்தகமோ அது சிவப்பாக இருக்க வேண்டும் என்றது.

மறுநாளே மெட்ராஸ் பஸ் ஏறி, உதிரிபாகக் கடைகள் ஏழெட்டு அலைந்து, இரண்டு டின் சிவப்பு எண்ணெய் வாங்கிவிட்டேன். திரும்பும்போது ஒரு டின் லேசாகக் கசிந்தது. பக்கத்து சீட்டுக்காரர் என் வேட்டியைப் பார்த்துவிட்டு, “இன்னாபா, ரோஸ்மில்க்கா?” என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலை ஷெட்டுப் பள்ளத்தில் இறங்கினேன். கியர் பெட்டிக்கு அடியில் ஒரு தட்டு. அதன் போல்ட்டுகளைக் கழற்றக் கழற்ற, பழைய எண்ணெய் என் சட்டைக் கைவழியாக இறங்கி அக்குளில் தேங்கியது. தட்டின் அடியில் கண்மை போல ஒரு படிவு. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். இரும்புத் துகள் உறுத்தவில்லை. உடைந்த கியர் பல் எதுவும் இல்லை! எண்ணெய் வடிகட்டும் வலையை மண்ணெண்ணெயில் கழுவினேன். கார்க் தகட்டை வெட்டி, கல்லூரி லேபில் இரவல் வாங்கிய துளைக்குழாயால் ஓட்டை போட்டு, கசியாமல் அடைக்கப் புது கேஸ்கெட் செய்தேன். தட்டை மாட்டி, புனல் வைத்துப் புது எண்ணெய் ஊற்றினேன்.

ஓய்வுபெற்ற பிறகும் சனிக்கிழமைதோறும் வந்து எண்ணெய் பார்த்துப்போகும் பழைய டிரைவர் சொல்லிக்கொடுத்திருந்தபடியே, வண்டியை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டுக் கம்பியை விட்டு எடுத்தேன். எண்ணெய் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் ஏறி நின்றது. அதிகம். ஆஸ்பத்திரியில் வயிறு கழுவும் ரப்பர் குழாயும் பெரிய சிரிஞ்சும் வாங்கிவந்து, கோடு வரைக்கும் உறிஞ்சி எடுத்தேன். அவரும் வாராவாரம் கொஞ்சம் இப்படித்தான் எடுப்பார்.

செவ்வாய்க்கிழமை காலை ஓட்டிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டுக்குட்டி தாண்டும் ஒரு மேடு. வண்டி அதில் ஏறவில்லை. இன்ஜின் அலறிற்று, சக்கரம் நின்றது. கணவாயில் பாதி ஏறிக்கொண்டிருந்த வண்டி, நான் கை வைத்ததும் வாசலைக்கூடத் தாண்டவில்லை.

பின்னாலேயே உருட்டி ஷெட்டில் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். நோயாளிகளைப் பார்த்துவிட்டு அக்கா வந்தாள்.

“இன்னாடா?”

“மேஸ்திரி சொன்னது சரிக்கா. பழைய எண்ணெதான் புடிச்சிக்கினு இருந்துது. நான் கொன்னுட்டேன்.”

“கொன்னுட்டியா இல்லையான்னு நான் பாத்து சொல்றேன், நவுரு” என்று ஏறி உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினாள். கைப்பிடியை ஒவ்வோர் எழுத்துக்கும் நகர்த்தி, பழைய இடத்துக்கே கொண்டுவந்து, இன்ஜினை ஓடவிட்டபடி காது கொடுத்துக் கேட்டாள். கம்பி என் கையில் இருந்தது. சும்மா இருக்க முடியாமல் துடைத்து உள்ளே விட்டு எடுத்தேன்.

காய்ந்து போயிருந்தது. ஒரு சொட்டு இல்லை.

“ஆஃப் பண்ணுக்கா!”

நிறுத்தினாள். சற்றுப் பொறுத்து விட்டு எடுத்தேன். கோடு வரைக்கும் சிவப்பு.

“போடு!”

காய்ந்த கம்பி.

“ஆஃப்!”

சிவப்பு.

“இன்னாடா விளையாடற?” என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது எண்ணெய் மேலே ஏறி விசிறிகளையும் குழாய்களையும் நிரப்பிக்கொள்கிறது. நின்றால் எல்லாம் கீழே தட்டில் வந்து விழுகிறது. நின்ற வண்டியில் அளந்தால் எப்போதும் அதிகமாகத்தான் காட்டும். ஓடும்போதுதான் அளக்க வேண்டும்! லாரிக்காரர்கள் இன்ஜின் எண்ணெயை நிறுத்தித்தான் அளப்பார்கள். அந்தப் பழக்கத்தில் டிரைவரும் நிறுத்தியே அளந்து, அதிகம் அதிகம் என்று கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சியே எடுத்துவந்திருக்கிறார்; நானோ ஒரே நாளில் கோடு வரைக்கும் எடுத்துவிட்டேன்.

சொல்லி முடிப்பதற்குள் அக்கா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

“செத்த ஒடம்புக்கு பிபி பாத்துக்கினு இருந்திருக்கீங்கடா ரெண்டு பேரும்! ஐயோ, சனிக்கிழமையானா அந்த டியூப நான்தான்டா எடுத்துக் குடுப்பேன் அவருக்கு!”

அவள் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க, நான் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கோட்டைத் தொட்டதும் அக்கா கைப்பிடியை ‘டி’க்குத் தள்ளினாள். வாசல் மேட்டை வண்டி ஏறிய வேகத்தில் காவல்காரர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

விசிறிக்கூட்டுக்குள் தங்கியிருந்த பழைய எண்ணெய் புதியதோடு கலந்து மறுபடி பழுப்பாயிற்று. விடுவேனா? மத்தியானமே இன்னொரு தரம் தட்டை இறக்கி, இரண்டாவது டின்னையும் ஊற்றினேன். இந்தத் தடவை கம்பி நுனியில் மாதுளைச் சாறு.

புதன்கிழமை, பொருளாளர் ஐயா சார்பில் சாட்சியாக மேஸ்திரி வந்து பின்சீட்டில் ஏறினார். நான் மருந்துப் பெட்டிகளோடு அவர் பக்கத்தில். ரங்கம்பேட்டை தாண்டி ஏற்றம் தொடங்கியது. முன்பு அலறிய வளைவு வந்தது. அக்கா மிதித்தாள். வண்டி ஒரு மூச்சு இழுத்து, தானாகக் கீழ் கியருக்கு இறங்கி, ஏறிற்று. வேர்க்கடலை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று முதல் கியரில் முனகிக்கொண்டிருந்தது. ஹார்ன் அடித்துவிட்டு அதையும் தாண்டினாள். லாரி கிளீனர் வாயைப் பிளந்து பார்த்தான். நான் கத்தினேன் என்று நினைக்கிறேன்.

உச்சியில் மேஸ்திரி நிறுத்தச் சொன்னார். இறங்கி, குனிந்து, கருகல் வாசனை வருகிறதா என்று மோந்து பார்த்தார். வரவில்லை.

“ஒரு தபா நான் ஓட்டிப் பாக்கட்டாம்மா?”

அக்கா தள்ளி உட்கார்ந்தாள். முதல் திருப்பத்திலேயே, இருபது வருஷ லாரிப் பழக்கத்தில், மேஸ்திரியின் இடது கால் கிளட்சைத் தேடிப்போய் பிரேக்கை ஓங்கி மிதித்தது. மருந்துப் பெட்டி முன்னால் பறந்தது. என் நெற்றி சீட்டில் மோதியது.

“மேஸ்திரி, அந்த எடது கால மடிச்சு சீட்டுக்கடியில வச்சுக்குங்க. இந்த வண்டிக்கு அது வாணாம்” என்றாள் அக்கா.

மடித்து வைத்துக்கொண்டார். அடுத்த திருப்பத்தில் அது மறுபடி வெளியே வந்துவிட்டது. இம்முறை ஓரம் கட்டி, இறங்கி, சுற்றிவந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார்.

“ராண்டி, வாங்க டாக்டரம்மா, நீங்களே ஓட்டுங்க. எனக்கு இது வராது.”

கிராமத்துப் புளியமரத்தடியில் ஜனங்கள் காத்திருந்தார்கள்.  வண்டி நின்றதும், பின்சீட்டுக்கே திரும்பியிருந்த மேஸ்திரி என் பக்கம் சாய்ந்து, மெல்லிய குரலில் கேட்டார்:

“தம்பி, அந்தச் செவப்பு எண்ணெ மெட்ராஸ்ல எந்தக் கடையில?”