எத்தனையாவது ஆள்

தமிழ் பேசும் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று பாறசாலைப் பக்கமெல்லாம் ஊர்வலம் போன வருடங்கள் அவை. ஒரு ஊர்வலத்தில் என் வீட்டுக்காரரையும் வேறு இருபது பேரையும் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜாமீனுக்கு நிலவரி கட்டிய ரசீது வேண்டும். நிலம் என் பேரில், சீதனமாக வந்த பன்னிரண்டு சென்ட். அதனால் நானே போகவேண்டியதாயிற்று.

கைப்பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு நடந்தேன். நீதிபதி வரவில்லை, காகிதம் வரவில்லை என்று பல தடவை திரும்பியிருந்தேன். எத்தனையாவதோ நடை அது. எண்ணுவதை விட்டுவிட்டேன்.

குமாஸ்தா தலை நிமிராமல், "பேரு பற" என்று மலையாளத்தில், ஜாமீனில் எடுக்கிறவர் பேரைக் கேட்டார்.

வீட்டுக்காரர் பேரை வாயால் சொல்லுகிற வழக்கம் எங்களில் கிடையாது. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எந்தா, பேரில்லே?" பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "எங்கில் எத்ராமத்தெ பிரதியா?"

குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் எத்தனையாவது ஆள் என்று கேட்கிறார். பக்கத்தில் நின்ற வக்கீல் ஒருவர், "இத இங்கிலீஷில ஒத்த வார்த்தையில கேக்க முடியாது, கேட்டியளா" என்று சிரித்தார். இங்கிலீஷ் கோர்ட்டாக இருந்திருந்தால் தப்பியிருப்பேன்.

காலையில் வேனிலிருந்து அவர்களை இறக்கும்போது எண்ணியிருந்தேன். அவர் ஏழாவதாக இறங்கினார். "ஏழாவது" என்றேன். குமாஸ்தா மலையாளத்தில் எழுதினார். எனக்கு ஐந்தாம் வகுப்புத் தமிழ்தான் தெரியும். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

சாயந்திரம் வெளியே வந்தவர் அதியன்னூர்க்காரர், முன்பின் தெரியாதவர். வேனில் இறங்கிய வரிசை வேறு, பட்டியல் வரிசை வேறு.

"தாயே, நீங்க யாராக்கும்?" என்று கும்பிட்டார்.

ஒரு ரசீதுக்கு ஒரு ஆள்தான் என்று குமாஸ்தா சொல்லிவிட்டார். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். விஷயம் கேட்டு அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அம்மோ, ஒரு பேரச் சொல்லியிருக்கப்பிடாதா? நாளைக்கு எனக்க ரசீதக் கொண்டு வாறேன். பேர மட்டும் சொல்லுங்க."

மண்ணில் விரலால் எழுதிக் காட்டினேன். பேனா கையில் இருந்தபோது அது தோன்றவில்லை.

மறுநாள் என் வீட்டுக்காரர் வந்தார். பட்டியலில் பதினெட்டாவது ஆள். பாறசாலை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அவர் போயும் வருடங்களாகிவிட்டன. எந்த ஆபீசிலாவது அவர் பேரைக் கேட்டால், இன்றும் நான் எழுதிக் காட்டக் காகிதம்தான் கேட்கிறேன்.