தானா தொறக்காதுங்க

குணசீலன் திருச்செங்கோட்டுக்காரர். சேலத்தில் வெகுகாலம் கேமரா மாட்டிக்கொண்டிருந்தவர், பிறகு சாவியில்லாத கதவுப் பூட்டுகளையும் மாட்டத் தொடங்கினார். விரலை வைத்தாலும் எண்ணை அழுத்தினாலும் திறக்கும். வீட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கரைக் கூப்பிட்டு வாயால் சொன்னாலும் திறக்கும். ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் பல வீடுகள் அவரை நம்பித்தான் இந்தப் பூட்டுக்கு மாறின. அவர் ஒன்று சொன்னால் அங்கே யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

அந்த வீடுகளில் ஒன்று சௌந்திரத்தினுடையது. அவர் கணவர் ரிக் வண்டியோடு வடக்கே போர்வெல் போடப் போனால் வர மாதக்கணக்காகும். சமையலுக்குப் பாவாயி இருந்தார். மாசி மாதத்தில் ஒரு தொல்லை ஆரம்பித்தது. சௌந்திரம் வெளியே போய்விட்டு வரும்போதெல்லாம் முன்கதவு திறந்து கிடந்தது. ஒருநாள் தெருநாய் ஒன்று கூடத்து சோபாவில் படுத்திருந்தது. பயந்துபோய்க் குணசீலனை வரச்சொன்னார்.

குணசீலன் பூட்டைக் கழற்றி மாட்டினார். எல்லாம் ஒழுங்காக ஓடியது. வேறு இரண்டு வீடுகளில் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

"ஏனுங்க, இது தானா தொறந்துக்குமா?" என்று கேட்டார் சௌந்திரம்.

"தானா தொறக்காதுங்க்கா. நம்பர் தெரிஞ்சவங்க ஆரோ தொறந்திருக்கோணும்."

வீட்டார் தவிர எண் தெரிந்தவர் பாவாயி மட்டும்தான். சௌந்திரம் அவரைக் கூப்பிட்டுப் பையைக் காட்டச் சொன்னார். பாவாயி பையைத் தரையில் கவிழ்த்தார். டிபன் டப்பா, மாத்திரை அட்டை, பேத்திக்கு வாங்கிய தேன்மிட்டாய். வேறொன்றும் இல்லை. பாவாயி அவற்றைத் திரும்ப அள்ளவில்லை. குணசீலனைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, நீங்க வெவரம் தெரிஞ்சவங்க. மிசினுதானே, ஒருக்கா தப்புப் பண்ணாதுங்களா?"

"பண்ணாதுங்க" என்றார் குணசீலன். கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினார். மறுநாளிலிருந்து பாவாயி வேலைக்கு வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டார். அதை அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

சித்திரை வெயில் ஏறிய பிறகு சௌந்திரத்திடமிருந்து மறுபடி அழைப்பு வந்தது. புதுப் பேட்டரி போட்டும் அதற்குள் தீர்ந்துவிட்டதாம். அந்தச் சம்பவத்துக்குப் பின் அவர் கதவுக்கு உள்தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டுதான் இருந்தார். கோயிலுக்குக்கூட வீட்டை விட்டுப் போவதில்லை.

அவர் மோர் எடுக்க உள்ளே போனார். குணசீலன் பேட்டரியை மாற்றி மூடியைப் பொருத்திக்கொண்டிருந்தார். அப்போது பக்கத்து வீட்டு மைதிலி இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு தன் வாசலில் நின்று, உள்ளே இருக்கும் தன் ஸ்பீக்கரைக் கூப்பிட்டு, "டோர் ஓப்பன்" என்று சத்தமாகச் சொன்னார். அவர் கதவு திறந்தது. குணசீலனின் கைக்குள்ளேயே சௌந்திரத்தின் பூட்டும் சுழன்று திறந்தது. சௌந்திரத்தின் கூடத்து ஜன்னலோரம் இருந்த ஸ்பீக்கர் விளக்கை ஒருமுறை மினுக்கிவிட்டு அணைந்தது.

குணசீலனுக்கு விளங்கிவிட்டது. வாயால் சொல்லித் திறக்கும்போது அந்தப் பூட்டு ஒரு ரகசிய எண்ணையும் கேட்கும். ஒவ்வொரு தடவையும் சொல்வது தொந்தரவு என்று சௌந்திரம் சொன்னதால் அதை நிறுத்திவைத்தவர் குணசீலனே. மாசியில் மைதிலி வீட்டுக்கும் பூட்டு மாட்டி, யோசிக்கச் சோம்பல்பட்டு, அதே சொல்லையே பழக்கிவிட்டவரும் அவரே. நடுவில் ஒரு சந்துதான். இரண்டு வீட்டு ஜன்னலும் எதிரெதிரே. மைதிலி சொன்ன ஒவ்வொரு தடவையும் இந்தப் பூட்டும் சுழன்றுதான் பேட்டரி தீர்ந்திருக்கிறது.

சௌந்திரம் வருவதற்குள் தன் போனிலேயே பூட்டு மறுபடி ரகசிய எண்ணைக் கேட்கும்படி மாற்றிவிட்டார். "பேட்டரிதானுங்க்கா, மாத்திட்டேன்" என்று சொல்லி மோரைப் பாதி குடித்துவிட்டு வைத்தார்.

தெருமுனை வரை வண்டியை ஓட்டிப் போனார். அங்கே ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மாள் பையிலிருந்து எதையோ தேடி எடுத்துக்கொண்டிருந்தார். பாவாயி இல்லை, வேறு யாரோ. குணசீலன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து சௌந்திரத்திடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"உங்க பேச்சக் கேட்டுத்தானே நான் அப்பிடிப் பண்ணுனேன்" என்றார் சௌந்திரம். "நீங்களே போயி வரச்சொல்லுங்க. எனக்கு அவ மூஞ்சியப் பாக்க முடியாது."

பாவாயி வீடு கன்னங்குறிச்சியில். திண்ணை கூட இல்லாத சின்ன வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். குணசீலன் நின்றுகொண்டே சொன்னார். சந்து, ஜன்னல், சோம்பல், சற்றுமுன் பேட்டரி என்று சொன்ன பொய் வரை ஒன்றையும் விடவில்லை. பாவாயி வெங்காயத்தைக் கீழே வைக்கவில்லை.

"அந்தூட்டுக்கு நான் வரலீங்க தம்பி. ஆஸ்டல்ல சமையலுக்குச் சேந்துட்டேன்."

"எம்மேலதாங்க தப்பு. மன்னிச்சுக்கோணும்."

"மன்னிக்கறது கெடக்கட்டும். உள்ள எம்மருமவ தேவிப்ரியா இருக்கா. அவகிட்டச் சொல்லுங்க. அவ என்னைய ஒரு வார்த்த கேக்கல. ஆனா அன்னைலருந்து பீரோ சாவிய இடுப்புல சொருகிக்கறா."

குணசீலன் நிலைக்கு வெளியே நின்று, குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடம் மறுபடி முதலிலிருந்து சொன்னார். பாதிவரை கேட்டவள் தலையைக் குனிந்துகொண்டாள். கை தன்னால் இடுப்புக்குப் போய்ப் பாதியில் நின்றது.

"நான் அத்தைய எதும் சொல்லலீங்களே" என்றாள் மெதுவாக.

வெளியே பாவாயி வெங்காயம் உரிப்பதை நிறுத்தியிருந்தார். குணசீலனுக்கு அங்கே எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சொல்லிக்கொள்ளாமலே வண்டியை எடுத்தார்.

அதன்பின் தான் பூட்டு மாட்டிய வீடுகளுக்கெல்லாம் போய், காரணத்தையும் மறைக்காமல் சொல்லி, ரகசிய எண்ணைப் போட்டுவிட்டு வந்தார். சிலர் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். சௌந்திரம் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். கன்னங்குறிச்சி பஸ் நிறுத்தத்தில் எப்போதாவது பாவாயி கண்ணில் பட்டால், "நல்லாருக்கீங்களா தம்பி?" என்று அவர்தான் முதலில் கேட்பார். குணசீலன் தலையாட்டுவார்.