கம்பத்துக்கு வைத்த பொட்டு

பதினோரு வயதுப் பெண் ஒருத்தி மேல் பழி போட்டேன். அது பொய் என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். 2010-ல் கடலூர் செம்மண்டலத்தில் ஒரு தனியார் பள்ளிக்கு நான் தலைமையாசிரியர்.

ஓடுகிற பிள்ளைகளைப் பிரம்பைக் காட்டி உட்காரவைப்பதில் எங்களுக்கு நல்ல பெயர். விளையாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்த்திருந்தோம். உட்கார்ந்து உட்கார்ந்து பிள்ளைகள் பெருத்துவிட்டார்களே என்று கவலைப்பட்ட நிர்வாகம், அவர்களை ஓடவைக்க வெளிநாட்டுக் கருவி ஒன்றை வாங்கியது. மைதானத்தில் நான்கு கம்பங்கள். ஒன்றில் விளக்கு எரியும். ஓடிப்போய் அதிலுள்ள கண்ணாடிக்கு முன் கையைக் காட்டினால், இது அணைந்து வேறொன்றில் எரியும். துரத்த வேண்டியதுதான். நன்றாக ஓடினால் ஆங்கிலத்தில் பாராட்டும்.

ஆறாம் வகுப்பில் அந்தப் பெண் படிப்பில் கடைசி, இதில் முதல். கம்பத்தைத் தவிர அங்கே யாரும் அவளைப் பாராட்டியதில்லை.

ஆயுத பூஜை வந்தது. இவ்வளவு பெரிய கருவிக்குப் பொட்டு வைக்காமல் விடுவோமா? நானே சந்தனத்தைக் குழைத்து நான்கு கண்ணாடிகளிலும் தாராளமாக அப்பினேன். பூஜைப் பொட்டை யாரும் துடைப்பதில்லை. விடுமுறை முடிந்து முதல் ஆளாக அவள் ஓடினாள். விளக்கு அணையவில்லை. இரண்டு தட்டு தட்டிப் பார்த்தாள். மறுநாள் பிரேயரில் அவளை முன்னால் நிறுத்தி, இவள்தான் உடைத்தாள், இனி மைதானப் பக்கம் வரக் கூடாது என்று அறிவித்தேன். விசாரணையெல்லாம் தேவைப்படவில்லை.

இரண்டு வாரம் கழித்துச் சென்னையிலிருந்து மெக்கானிக் வந்தார். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். நான்கும் வேலை செய்தன.

"யார் சார் இதுக்குப் பொட்டு வச்சது?"

"பசங்கதான், வெளையாட்டா வச்சிருப்பாங்க" என்றேன். இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கியவன் நான்.

அரையாண்டு விடுமுறையில் அவள் அப்பா டி.சி. வாங்கி, அவளைச் சிதம்பரத்தில் அத்தை வீட்டில் விட்டுப் படிக்கவைத்தார். பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அங்கே போனேன். தப்பு என்னுடையது என்று அவளிடமே சொன்னேன்.

"எல்லாரு முன்னாடியுந்தான சார் திட்னீங்க" என்றாள். "எங்கிட்ட மட்டும் வந்து சொல்றீங்க."

திங்கட்கிழமை பிரேயரில் சொன்னேன். ஆசிரியர்கள் தரையைப் பார்த்தார்கள். என் உடல்நலம் கருதி ஓய்வெடுக்கலாமே என்று நிர்வாகம் அன்போடு யோசனை சொன்னது. அன்றே அவள் தோழிகள் போன் போட்டு அவளிடம் சொல்லிவிட்டார்களாம்.

அவள் திரும்பி வரவில்லை. அவள் அப்பா முன்பெல்லாம் வழியில் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி வணக்கம் சொல்வார். இப்போது இறங்குவதில்லை.