பௌர்ணமி ஆகட்டும்

அருணாதேவிக்கு மாதம் ஒன்றாம் தேதி பிறக்காது. பௌர்ணமியில் பிறக்கும், அடுத்த பௌர்ணமியில் முடியும். காலண்டர்காரன் என்ன அச்சடித்திருந்தாலும் அவள் வீட்டில் அதுதான் மாதம்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்பக்கம் போகிற தெருவில், ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு போர்ஷன். முன்னால் நான். பின்னால் அவளும் அவள் புருஷன் சகாதேவனும். என் பெயர் கஸ்தூரி. கலெக்டர் ஆபீசில் ஃபைல் தூக்குகிற உத்தியோகம், இருபத்தாறு வருஷமாக. ஒண்டிக்கட்டை. கையில் காசு இருந்தால் எனக்கு உள்ளங்கை அரிக்கும். சம்பளம் வந்த வாரம் பிரியாணி, கடைசி வாரம் ரசம். இப்படிப்பட்டவளுக்குப் பக்கத்து வீடாகத்தான் அவள் வந்து சேர்ந்தாள்.

பௌர்ணமிதோறும் அவள் கிரிவலம் போவாள். ஊருக்கே வழக்கம்தான், அதில் அதிசயம் இல்லை. ஆனால் அவள் குபேர லிங்கத்துக்கு முன்னால் நின்று வேண்டுகிற வேண்டுதல் வேறு யாரிடமும் நான் கேட்டதில்லை. முதல் தடவை நான் கூடப் போனபோது, வரிசையில் முன்னாலும் பின்னாலும் எல்லாரும் அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் கைகூப்பி, "அடுத்த பௌர்ணமி வரிக்கும் வெளிய வாங்கி சாப்பிட மாட்டோம் சாமி" என்றாள்.

"ஏண்டி, குபேரன்கிட்ட வந்து குடுன்னு கேப்பியா, செலவு பண்ண மாட்டேன்னு சொல்லுவியா?"

"எல்லாருக்கும் குடுத்துக் குடுத்து அவருக்கே கம்மியாயிருக்கும்க்கா. என் பங்குக்கு நான் கேக்கல."

மாதத்துக்கு ஒன்று. ஒன்றுக்கு மேல் கிடையாது. நிறைய வைத்தால் எதுவும் நிற்காது என்பாள். வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் கதவின் உள்பக்கம் சாக்பீசில் ஒரு வரி எழுதிவிடுவாள். ஒரு மாதம் கேஸ் சிலிண்டர் ஐம்பது நாள் வர வேண்டும் என்று. அந்த மாதம் முழுக்கச் சோறும் பருப்பும் காயும் ஒரே குக்கரில் அடுக்கடுக்காக வெந்தன. ஒரு மாதம் பாத்திரம் கழுவிய தண்ணீர் வீணாகக் கூடாது என்று. என் ரோஜாச் செடி பிழைத்தது அந்த மாதத்தில்தான். ஒரு மாதம் பரண். வருஷம் ஒன்றாகக் கையில் எடுக்காத சாமான் வீட்டில் இருக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் இறக்கினாள். அந்த ஜோரில் என் வீட்டுப் பரணையும் இறக்க வைத்தாள். எவர்சில்வர் டிபன் கேரியர் மட்டும் ஏழு இருந்தது. எதற்கு வாங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

கஞ்சம் என்று தெருவில் பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன், என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. ஆனால் அவள் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் அந்தப் பேச்சு வராது. பத்துக்குப் பத்தில் ஓர் அறை, ஒரு சமையலறை. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம். கண்ணை மூடிக்கொண்டு ஊசி எடுக்கலாம். இடம் இல்லாத சாமான் வாசல் தாண்டக் கூடாது என்பது அவள் சட்டம்.

அந்தச் சட்டம் எங்கே பிறந்தது என்று ஒரு நாள் துணி காயப்போடும்போது சொன்னாள். கல்யாணமான புதிதில் செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருந்தார்களாம். சகாதேவனுக்கு அங்கேயே ஓர் ஓட்டலில் தோசை மாஸ்டர் வேலை. ஆறு வருஷம் இருந்த வீடு. ஒரு கார்த்திகை மாதம், தீபத்துக்குப் பத்து நாள் முன்னால், வீட்டுக்காரர் வந்து காலி பண்ணச் சொல்லிவிட்டார். ரூமாக மாற்றி வெளிநாட்டுக்காரர்களுக்கு விட்டால் நாலு மடங்கு வரும். தீப நேரத்தில் ஊரில் எவன் வீடு கொடுப்பான்? சாமானைக் குட்டியானை வண்டியில் ஏற்றி, இறக்க இடம் இல்லாமல் ஒரு பகல் முழுக்க ரோட்டோரம் நின்றிருக்கிறார்கள்.

"மழ வேற. மெத்த நனஞ்சிது, அரிசி நனஞ்சிது. போறவங்க வரவங்க எல்லாம் எங்க சாமான பாத்துக்கினே போனாங்கக்கா. என் பாவாட துணியெல்லாம் வண்டி மேல கெடந்துது. அன்னிக்கு முடிவு பண்ணேன், சொந்தமா ரெண்டு செவுராவது வேணும்னு."

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி அவள் பேசியது கிடையாது. வீட்டைப் பற்றித்தான் பேசுவாள், இன்னும் கட்டாத வீட்டின் அலமாரியில் எந்தத் தட்டில் எது இருக்கும் என்பதுவரை.

சகாதேவன் அவளுக்கு நேர் எதிர். பெரிய சத்தத்தோடு சிரிக்கிற ஆள். கிரிவலம் முடிந்து அவள் வாசலில் கால் வைத்ததும், "இன்னா, இந்த மாசத்துக்கு எனக்கு இன்னா தண்டன?" என்று கேட்பான். அவள் சொன்னதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற மாதிரி நடிப்பான். ஆனால் ஒரு மாதத்தைக்கூட அவன் கெடுத்ததில்லை. டீ இல்லாத மாதத்தில், ஓட்டலில் ஓசியாகக் கிடைக்கிற டீயைக்கூடத் தொடாமல் வந்தானாம். "யாருக்குத் தெரியப்போவுது தம்பி?" என்று கேட்டேன். "அவ குபேரன்கிட்ட எனக்கும் சேத்து சொல்லிட்டு வந்திருக்காக்கா" என்றான்.

போன சித்திரையில்தான் காரியம் கூடிவந்தது. கீழ்பென்னாத்தூர் போகிற ரோட்டில் இரண்டு சென்ட் மனை. அருணாவின் சொந்த ஊர்ப் பக்கம், தெரிந்தவர்கள் மூலம் வந்தது. வைகாசிப் பௌர்ணமிக்கு மறுநாள் அட்வான்ஸ் கொடுத்து எழுதிக்கொள்வதாகப் பேச்சு. பதினோரு வருஷம் குருவி மாதிரி சேர்த்தது அதற்குச் சரியாக இருந்தது. சித்திரைப் பௌர்ணமிக் கூட்டத்தில் நசுங்கி, குபேரன் முன்னால் நின்று, "அடுத்த பௌர்ணமி வரிக்கும் புதுச் செலவு ஒண்ணுமே கெடையாது" என்று சொல்லிவிட்டு வந்தாள். கதவில் அந்த வரியைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினாள்.

அந்த மாதம் நன்றாகத்தான் போனது. பௌர்ணமிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அருணா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துச் சகாதேவன் என் வாசற்படியில் வந்து உட்கார்ந்தான். கேஸ் மாத்திரை இருக்கிறதா என்று கேட்டான். முகம் வேர்த்திருந்தது. இடது தோளைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"இன்னா தம்பி, உடம்பு சரியில்லையா?"

"நாலஞ்சு நாளாவே நெஞ்சுல ஒரு மாதிரி அழுத்துதுக்கா. நம்ம ஓட்டலுக்கு ஒரு டாக்டர் சாப்பிட வருவாரு. பாத்துட்டு, ஈசிஜி எடு, லேட் பண்ணாதன்னாரு. அடுப்பு சூடு, வேற இன்னா. பௌர்ணமி ஆகட்டும், பாத்துக்கலாம்."

எனக்குக் கோபம் வந்தது. "பெரியாஸ்பத்திரிக்குப் போனா காசா கேக்கறாங்க? நாளைக்கே போ."

"காசு கேக்க மாட்டாங்க. ஆனா ஒரு நாள் சம்பளம் போவும். அப்புறம் அந்த டெஸ்ட்டு, இந்த மாத்திரைன்னுவான். புதுச் செலவு கெடையாதுன்னு அவ சாமிகிட்ட சொல்லிட்டு வந்திருக்கா. ஒன்பது நாள்தானேக்கா."

"நான் தரேன். எனக்கு அப்புறமா குடு."

"கடன் மட்டும் புதுச் செலவு இல்லியா?" என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அவகிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா மனையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு அப்பவே இழுத்துக்கினு போய்டுவா. அதுக்கப்புறம் மன கைவிட்டுப் போச்சுன்னா, என்னாலதான்னு ஆயிடும். எம்மேல சத்தியம்."

நான் சத்தியம் செய்து கொடுத்தேன். கொடுத்துவிட்டு மாத்திரையும் கொடுத்தேன். யார் வீட்டுக் காரியத்திலும் மூக்கை நுழைக்கிற எனக்கு, அந்த ஒரு தடவை மட்டும் அடுத்த வீட்டு விஷயத்தில் நமக்கென்ன, ஒன்பது நாள்தானே என்று தோன்றியது. இப்போது நினைத்தால் என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருக்கிறது.

அதற்கு ஐந்தாம் நாள், வியாழக்கிழமை, காலை ஒன்பதரைக்கு எனக்குப் போன் வந்தது. தோசைக் கல்லுக்கு முன்னால் கரண்டியோடு அப்படியே சரிந்தானாம். ஓட்டல்காரர்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அருணா எனக்கு முன்னால் அங்கே இருந்தாள். சுவரோரம் நின்றுகொண்டு, தன் முந்தானையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "காலைல ரெண்டு இட்லிதான் சாப்ட்டாருக்கா" என்றாள். அதையே நாலைந்து தடவை சொன்னாள்.

அவனுக்கு நாற்பத்து நாலு வயது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து சொந்தக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். குறை வைக்காமல் செய்ய வேண்டும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தாரை தப்பட்டை, பூப்பல்லக்கு, பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊர்ச் சாப்பாடு. மனைக்கு வைத்திருந்த காசிலிருந்து அருணா கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். வைகாசிப் பௌர்ணமி நடுவில் வந்து போனது. அட்வான்ஸ் நாளும் வந்து போனது. மனையை வேறு யாரோ எழுதிக்கொண்டார்கள்.

காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். ஆபீசுக்குப் போகும்போது கேட்டைச் சத்தமில்லாமல் சாத்தினேன். சாயங்காலம் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உட்காராமல் திரும்பினேன். சொன்னால் அவள் என்னை மன்னிப்பாளா என்பதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவளுடைய வேண்டுதலுக்காகத்தான் அவன் வலியைப் பொறுத்துக்கொண்டு செத்தான் என்று தெரிந்தால் அவள் எப்படி உயிரோடு இருப்பாள்? சொல்லாவிட்டால் நான் எப்படி இந்தக் காம்பவுண்டுக்குள் இருப்பேன்? ராத்திரி பகல் எனக்கு இதே யோசனை.

ஆனிப் பௌர்ணமி வந்தது. ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டு போட்டிருந்தார்கள். இறங்கிய ஜனங்கள் எங்கள் தெருமுனை வழியாகச் சாரைசாரையாக மலையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். அருணா போகவில்லை. சாவு நடந்த வீடு, ஒரு வருஷம் போகக் கூடாது. இதற்கு மேல் என்னால் முடியாது என்று பின்பக்கம் போனேன்.

வீடு எப்போதும்போலத்தான் இருந்தது. ஒரு டம்ளர் இடம் மாறியிருக்கவில்லை. தரையில் உட்கார்ந்து அவனுடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மொத்தம் நாலு.

நான் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தது, மாத்திரை கேட்டது, டாக்டர் சொன்னது, சத்தியம் வாங்கியது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, "என்ன செருப்பால அடிடி" என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"எனக்குத் தெரியும்க்கா."

"அவன் சொன்னானா?"

"சொல்லல. ராத்திரில எழுந்து உக்காந்து நெஞ்ச தேச்சிக்கினு இருப்பாரு. நான் தூங்கறேன்னு நெனச்சிப்பாரு. ஒரு தடவ இன்னான்னு கேட்டேன். வாயுன்னாரு. வாயு இல்லன்னு எனக்குத் தெரியும். எங்கப்பாவும் இப்படித்தான் தேச்சிக்கினு இருந்தாரு."

வெளியே யாரோ அரோகரா போட்டார்கள். கூட்டம் திருப்பிச் சொன்னது. அது அடங்கியதும் அவள் அடுத்த சட்டையை எடுத்தாள்.

"ரெண்டாவது தடவ கேக்கலக்கா. இன்னொரு தரம் அழுத்திக் கேட்டா உண்மைய சொல்லிடுவாரு. சொல்லிட்டா நான் கூட்டிக்கினு போயே ஆவணும், மாசம் கெட்டுடும். பௌர்ணமி ஆகட்டும், மறுநாள் மனைய எழுதிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கினு போலாம்னு இருந்தேன். தெனமும் ராத்திரி கண்ண மூடிக்கினு, இன்னும் ஏழு நாள், இன்னும் ஆறு நாள்னு எண்ணிக்கினு படுத்திருந்தேன்."

நானும்தான் எண்ணினேன். அவனும் எண்ணியிருப்பான். ஒரே காம்பவுண்டுக்குள் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு அதே நாளைத்தான் எண்ணியிருக்கிறோம். யாராவது ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால் போதும்.

அவள் அழவில்லை. நான்தான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். செருப்படி வாங்க வந்தவளுக்கு அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்று, டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க என்கிட்ட வந்து சொல்லிட்டீங்க," என்றாள். "நான் யார்கிட்டக்கா போய் சொல்றது?"